ஏழுக்கு அப்புறம்

கொளஞ்சி பிடித்திருந்த கம்பத்தின் உச்சியில் இருந்த நில அளவைக் கருவி நான்காம் முறையாக எண்ணிக்கையை விட்டுவிட்டது. மேலே மேகம் இல்லை. மரக்காணம் உப்பளத்தில் நிழல் தர ஒரு முள்மரம்கூட இல்லை. உச்சிவெயிலில் பாத்திகள் வெள்ளையாய்க் கண்ணைக் கூச, வரப்புச் சேற்றின் வாடையும் எங்கோ கடலின் இரைச்சலும் மட்டும் அவனைச் சுற்றி நின்றன.

“ஏம்பா, இன்னும் ஃப்ளோட்டுதானா?” தூரத்து வரப்பிலிருந்து வாக்கிடாக்கியில் சர்வேயர் ஜான்சன்.

“ஆமாங்க சார். மெதந்துகிட்டேதான் இருக்குது.”

செயற்கைக்கோளிலிருந்து கருவி வரைக்கும் முழுசாக எத்தனை அலை என்று அது கணக்கிட்டு முடித்தால்தான், இடம் விரல்கடைகூடப் பிசகாமல் நிலைக்கும். அதுவரை மிதக்கும். நடுவில் எதுவும் மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. காலையில் ஜான்சன் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அலை எண்ணுவது அவன் மகள் சின்னப்பாப்பாவின் விளையாட்டு. ஐந்து வயது. ஏழுக்கு மேல் தெரியாது. திரும்ப ஒன்றுக்குப் போய்விடுவாள். ஆறு மாதத்துக்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, மணலில் உட்கார்ந்துகொண்டு, “ஏழுக்கப்புறம் என்னாப்பா?” என்றாள்.

“எண்ணிக்கிட்டே இரு கண்ணு. வந்து சொல்றேன்.”

டீ குடிக்கப் போனான், பாவம். அதற்குள் கடல் வந்துவிட்டது. அவள் உடல்கூடக் கிடைக்கவில்லை.

கம்பத்தில் மாட்டியிருந்த திரையில் எண்ணிக்கை ஐந்தாம் முறையும் அறுந்தது.

“ஏம்பா, உனக்கு அறிவிருக்கா?” ஜான்சனுக்குக் கோபம். “வேலை நேரத்துல கொழந்தைய ஏன் தோள்ல தூக்கி வெச்சிருக்க? அது தலைதான் மறைக்குது. எறக்கி விடு!”

கொளஞ்சி அசையவில்லை.

தோள் நனைந்திருந்தது. வியர்வைதான் என்று நினைத்திருந்தான். வியர்வை இவ்வளவு குளிராது.

காதோரம் மூச்சு. பாசி வாடை.

“அஞ்சு... ஆறு... ஏழு...”

நின்றது.

“ஒண்ணு...”

ஆறு மாதமாக இப்படியேவா?

கண்ணீர் வழிந்தது. கீழே பார்க்கவில்லை.

“எட்டு,” என்றான். “ஏழுக்கப்புறம் எட்டும்மா.”

“எட்டு.”

சின்னத் தலை ஒன்று அவன் தலைமேல் நிம்மதியாகச் சாய்ந்தது. கருவி கூவியது.

“ஃபிக்ஸ் ஆயிடுச்சு!” ஜான்சன் சிரித்தார். “எடம் கெடச்சுடுச்சுப்பா. கெளம்பி வா.”

அவன் குனிந்து பார்த்தான். மார்பில் இரண்டு சின்னப் பாதங்கள். வெளுத்து, ஊறி, விரலிடுக்கில் ஈர மணலோடு.

இடது குதிகால் மெல்ல உதைத்தது. தோளில் ஏறினால் கடல் பக்கம் திரும்பச் சொல்லி எப்போதும் உதைப்பாளே, அது போலவே.