சத்தம் நின்ற வண்டி

சுவிட்சை அணைத்த பிறகும் ஹீட்டர் ஃபேன் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டே இருந்தது. ஏற்காட்டு எஸ்டேட்டில் ஓடிய பழைய பிக்கப் அது. ஐப்பசி மழையில் கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்க அந்த ஃபேனைப் போடாமல் முடியாது. போட்டால் தகரத்தைச் சுரண்டுவது போல ஓயாத இரைச்சல். செங்கோட்டையன் மட்டும் அதன் பக்கம் தலையைச் சாய்த்தபடியே ஓட்டுவான், அதற்கு அடியில் வேறு எதையோ கேட்க முயல்பவனாக.

சௌந்திரத்துக்கு வயிறு எரியும். அவள் உட்காரும் இந்த இடது சீட்டில் போன வருஷம் வரை உட்கார்ந்தவள் பாவாயி, அவனுடைய செத்துப்போன முதல் சம்சாரம். மூத்தவளுக்கு ஒரு சேலை வைத்துக் கும்பிட்டுக்கொள் என்று சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொன்னார்கள். “செத்தவளுக்கு எதுக்குங்க பொடவ?” என்று மறுத்துவிட்டாள். புருஷன் அவளுக்கு முழுசாக வேண்டும்.

சத்தம் போனால் அவன் தலை அந்தப் பக்கம் சாயாது என்றுதான் ஃபேனை மாற்றச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாள். சங்ககிரிப் பட்டறையில் மெக்கானிக் மாரியப்பன் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து அதைக் கழற்றினான்.

“அக்கா, முடி சுத்தியிருக்குதுங்க. எத்தன நீளம் பாருங்க!”

சௌந்திரத்தின் கூந்தல் தோளைத் தாண்டாது.

“அத வெளிய வீசுங்க. புதுசு போடுங்க.”

“இனிமே சத்தம் வராதல்லப்பா?” என்று செங்கோட்டையன் மாரியப்பனிடம் கேட்டான். ஆசையாகக் கேட்டான்.

திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஆட்டையாம்பட்டி தாண்டியதும் மழை பிடித்தது. புது ஃபேன் சத்தமே இல்லாமல் சுழன்றது. முகத்தில் பட்ட காற்று வெதுவெதுப்பாக, மஞ்சளும் விளக்கெண்ணெயும் கலந்து மணத்தது. விட்டு விட்டு வந்தது. மூச்சு.

செங்கோட்டையன் சிரித்தான். அவளைப் பார்த்து அல்ல.

“இப்பத்தான் பாவாயி, நீ பேசறது தெளிவாக் கேக்குது. இத்தன நாளா அந்தச் சத்தம் உடுலியே.”

சௌந்திரம் சுவிட்சை அணைத்தாள். காற்று நிற்கவில்லை.

“என்னங்க! யாருகிட்டப் பேசறீங்க?”

தோளை உலுக்கினாள். அவன் திரும்பவில்லை. குறுக்கே நின்ற ஒரே தடையைத் தானே எடுத்துப்போட்டது அவளுக்குப் புரிந்தது. அந்தப் பயத்திலும் பொறாமை அடங்கவில்லை.

நன்றாகக் கேட்பதற்காக அவன் கண்களை மூடிக்கொண்டான். வலது கை மடியில். இடது கை இருவருக்கும் நடுவே, சீட்டின் மேல். விரல்கள் எதையோ கோத்து இறுக்கியிருந்தன.

வளைவு வந்தது. ஸ்டீயரிங் மெல்லத் திரும்பியது.

கியர் மாறியது.