பாசிச் சுவர்

2003ஆம் வருஷம், சித்திரை வெயில். கடப்பாக்கம் கடற்கரையில் பூட்டிக் கிடந்த பங்களாவுக்குச் சாலமோன் மேஸ்திரி வந்தபோது மணி பதினொன்று இருக்கும். ஒரு கையில் சுரண்டுகிற தகடு, மறு கையில் சுண்ணாம்பு வாளி.

அந்த வீட்டு முற்றத்துச் சுவருக்குப் பெயிண்டே கிடையாது கண்ணுங்களா. வீட்டைக் கட்டிய இன்ஜினியரம்மா விசாகாவின் யோசனை அது. உயிருள்ள பாசியை மோரில் அரைத்துப் பூசினால் அதுவே நிறமாக வளரும். பச்சை ஒரு பக்கம், காவி ஒரு பக்கம். பிரஷ் தொடாமல் உள்ளங்கையாலேயே பூசியவள் சாலமோனின் பெண்டாட்டி எல்லம்மாள். தினம் மூன்று வேளை தண்ணீர் தெளிப்பாள்.

"இன்னா மேஸ்திரி, உன் சிமெண்ட்டு வெடிச்சிகினு கீது, என் பாசி வளந்துகினு கீது, பாத்தியா?" என்று சீண்டுவாள்.

போன ஐப்பசியில் மஞ்சள்காமாலை அவளைக் கொண்டுபோனது. ஒரு போட்டோகூட இல்லை. அவள் கை பட்டதென்று மிஞ்சியது அந்தச் சுவர் ஒன்றுதான்.

இப்போது வீடு கைமாறிவிட்டது. புது ஓனருக்கு வெள்ளைச் சுவர் வேண்டுமாம்.

"வேற ஆளை அனுப்புறேன் மேஸ்திரி, உங்களால முடியாது" என்றாள், வாசல் பூட்டைத் திறந்துவிட்ட விசாகா.

"வாணாம்மா. கண்டவன் கை அவ மேல படக் கூடாது."

ஆறு மாசமாக ஒரு சொட்டுத் தண்ணீர் காணாத சுவர். காய்ந்து பொருக்காகியிருக்கும் என்று நினைத்துத்தான் கதவைத் தள்ளினான். ஈரமண் வாசனை முகத்தில் அடித்தது. கூடவே புளித்த மோர்.

சுவர் பச்சைப்பசேலென்று இருந்தது.

கசிந்துகொண்டிருந்தது.

தொட்டான். காய்ச்சல்காரியின் நெற்றி போலச் சுட்டது.

"எல்லு... நீயாடி?"

ஓடிவிடலாம். ஓடினால் நாளைக்கு வேறொருவன் ஆசிட்டோடு வருவான்.

தகட்டை வைத்து இழுத்தான்.

சுவருக்குள் யாரோ பல்லைக் கடித்து மூச்சு விட்டார்கள்.

"வலிக்குதா? பொறுத்துக்க கண்ணு. மெதுவாத்தான் பண்றேன்."

அழுதுகொண்டே சுரண்டினான். முகத்தைச் சுவரில் பதித்து விம்முவான், மறுபடி சுரண்டுவான். மூன்று மணிக்குச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. சுவர் சில்லிட்டது. மூச்சு நின்றது. மோர் வாசனையும் போயிற்று.

வெளியே காத்திருந்த விசாகாவிடம், "முடிஞ்சுதும்மா. இனிமே அவ எங்கயும் இல்ல" என்றான்.

வீட்டுக்கு வந்து, அடிபம்பில் குளிக்கச் சட்டையைக் கழற்றினான். முன்பக்கம் சுண்ணாம்புத் திட்டு. திருப்பினான்.

முதுகில், இடமும் வலமுமாக, இரண்டு சின்ன உள்ளங்கைகள். விரல்கள் முதுகெலும்பை நோக்கி நீண்டிருந்தன, எதிரே நின்று இறுகக் கட்டிக்கொண்டவள் கை போல.

பச்சை. இன்னும் ஈரம்.