மறைவாக வந்த காப்பி

"யா அல்லாஹ்...!"

உமைமாவின் அலறலில் ஆம்பூர் தோல் தொழிற்சாலையின் வாசலே அதிர்ந்தது.

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்காக தோல் பதனிடும் ட்ரம்களை நிறுத்திவிட்டு ஆட்கள் போயிருந்த நேரம். கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயு தாக்கிச் செத்துக் கிடந்தான் அவள் கணவன் தன்சீல் அகமது. அங்கே பாதுகாப்பு சூப்பர்வைசர்!

"ஜும்மாவை வுடவே மாட்டாரே... யாரு கூப்ட்டாங்க இவரை?"



மறுநாள் துக்கம் கேட்க வந்தான் ஜோசுவா. தன்சீலின் தோஸ்த். தொழிற்சாலையின் மெயில் சர்வரும் அலாரங்களும் அவன் பொறுப்பு.

"பாபி..." உமைமாவை அண்ணி முறையில் அப்படித்தான் கூப்பிடுவான். "தன்சீல் முதலாளிக்கு ஒரு மெயில் போட்டிருந்தான். உங்களுக்கும் காப்பி வந்திருக்கும். அழிச்சுடுங்க. முதலாளி கோவத்துல இருக்காரு, நஷ்டஈடு வராம போய்டும்."

அவன் போனதும் செல்போனைத் திறந்தாள்.

'தொட்டியில் உள்ள கேஸ் அலாரம் போலி. ஜோசுவா வாங்கி மாட்டியது. உயிர் போகும். உடனே மாற்றுங்கள்.'

வெள்ளிக்கிழமை காலையில் வந்த மெயில்!

போலீஸ் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் ஷர்மிளாவின் எதிரே உமைமா தேம்பினாள்.

"ஆபீஸ் மெயில் எல்லாத்தையும் எனக்கு பிசிசி, அதான் மறைவா ஒரு காப்பி, போடுவாரு மேடம். வீட்டுக்கு லேட்டா வந்தா, ஆபீஸ்லதான் இருந்தாருன்னு சாட்சியாம்! நான் பிரிக்கறதே இல்ல... அன்னிக்குப் பிரிச்சிருந்தா போக வுட்டிருப்பேனா?"

ஷர்மிளா அவளிடம் தண்ணீரை நீட்டினாள். அழைத்து வரப்பட்ட ஜோசுவாவின் பக்கம் திரும்பினாள்.

"இவங்களுக்குக் காப்பி வந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"முதலாளி காட்டினாரு மேடம். அவருக்கு வந்த மெயில்லயே பாபி பேரு இருந்துச்சு."

"இருக்காதே...!"

ஜோசுவா விழித்தான்.

"பிசிசி போட்ட பேரு லெட்டருக்குள்ள வராதுப்பா. கவர் மேல விலாசம் எழுதற மாதிரி, சர்வர்கிட்ட மட்டும் தனியா சொல்லுவாங்க. சர்வர் அதைப் பார்த்து ஆளுக்கொரு காப்பி சேர்த்துடும். லெட்டரைப் படிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. கவரைப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான்!"

"மேடம்..."

"முதலாளியை விசாரிச்சாச்சு, அவருக்கு அந்த மெயிலே வரலை. நீ நடுவுலயே அழிச்சுட்டே; வெளியே போயிட்ட இவங்க காப்பியை மட்டும் அழிக்க முடியலை. தன்சீலுக்குக் கடைசியா வந்த போன் காலும் உன்னோடது!"

ஜோசுவா சுருண்டு உட்கார்ந்தான்.

"வேலை போய்டும்னு பயம் மேடம்... 'புது அலாரம் மாட்டிட்டேன், எறங்கிப் பாரு'ன்னேன். நம்பி எறங்கிட்டான்..."

"தம்பின்னுதானேடா உன்னை நெனச்சாரு!" உமைமா உடைந்து அழுதாள்.

விலங்கை மாட்டினாள் ஷர்மிளா.

"அடுத்தவன் மெயிலை நடுவுல பார்த்தே இல்ல? ஜெயிலுக்குப் போ... உனக்கு வர்ற லெட்டரை எல்லாம் அங்க பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் தருவாங்க!"