மூன்று கோலும் வந்த வழி

ஆரிபாவுக்குப் பந்து உதைக்கத் தெரியாது. உதைத்தால் செருப்புதான் பறக்கும். ஆனால் எண்ணச் சொல்லுங்கள், ராஜபாளையத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இதை அவளே சொல்லிக்கொள்வாள். சொன்னால் என்ன, உண்மைதானே.

அவளுடைய அத்தா அப்துல் ஹமீதுக்கு நூல் மில்லில் வேலை. மிஷினில் நூல் அடிக்கடி அறுந்தால், அதைக் கட்டிவிடுகிற ஆளை அங்கே திட்டுவதில்லை. ஒருவர் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்று, நூல் சுற்றும் எந்தக் கதிரில் எத்தனை தடவை அறுகிறது என்று கோடு போட்டு எண்ணுவார். கோடுகள் எங்கே குவிகின்றனவோ அங்கேதான் கோளாறு. ஏழாவது படிக்கும் ஆரிபாவுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

அது 1988ஆம் வருஷம். அவர்கள் தெருப் பையன்களின் கால்பந்து அணி ஸ்ரீவில்லிபுத்தூர் பையன்களிடம் மூன்று கோல் வாங்கித் தோற்றுத் திரும்பியிருந்தது. கோபம் முழுக்க கோல் கீப்பர் சோலைராஜ் தலையில் விடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கேயே மறு ஆட்டம். அதில் கீப்பரை மாற்றப்போவதாக கேப்டன் வைகுண்டராஜ் சொல்லிவிட்டான்.

சோலைராஜ் ஆரிபாவின் வகுப்புதான். ஓட்டத்தில் அவன் ஆமை. கோல் கம்பத்துக்கு நடுவே நின்றால்தான் அவனுக்கு மதிப்பு. அந்த இடமும் போய்விட்டால் அணியில் அவனுக்கு வேறு இடமில்லை. நான்கு நாளாக அவன் யாரிடமும் பேசவில்லை. ஆரிபாவுக்கு அது பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்திய அணியின் ஆட்டத்தை டிவியில் காட்டினார்கள். அகமது கபீர் கடை டிவி முன்னால் தெருவே கூடிவிட்டது. ஆரிபா நோட்டில் மைதானத்தை வரைந்து, இடது, நடு, வலது என்று மூன்றாகப் பிரித்தாள். நம் ஆட்கள் தாக்கினால் ஒரு கோடு. எதிரணி தாக்கினால் ஒரு வட்டம்.

இந்தியா இரண்டு கோலில் தோற்றது. உடனே எல்லாரும் இந்தியக் கீப்பரை வறுத்தெடுக்க ஆரம்பித்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த சோலைராஜ் அவர்கள் தன்னையே திட்டுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான். ஆரிபா எழுந்து நேராக வைகுண்டராஜிடம் போய் நோட்டை நீட்டினாள்.

"அண்ணே, செத்த நேரம் இதைப் பாருங்க. நாம இருபத்தொன்பது தடவை தாக்கியிருக்கோம். அதுல இருபது வலது பக்கமா. அவங்க தாக்குனது பதினாலு தடவைதான். அதுல பதினொண்ணு அதே பக்கமா வந்திருக்கு. ரெண்டு கோலும் அந்த வழிதான்."

"அதுக்கு?"

இந்திய அணியில் வலது பக்கம் காவல் நிற்கவேண்டியவர் தாக்குவதற்காக ஒவ்வொரு தடவையும் மேலே ஓடினார். பந்து பறிபோனதும் அவரால் திரும்பி வந்து சேர முடியவில்லை. அந்த வெறும் இடத்தில்தான் எதிரணி புகுந்தது. அவர் மேலே போனது தப்பில்லை. போகும்போது அங்கே வேறு ஒருவர் வந்து நின்றிருக்க வேண்டும். இதையெல்லாம் வட்டம் வட்டமாகத் தொட்டுக் காட்டிவிட்டு, ஆரிபா மெதுவாகக் கேட்டாள்.

"போன வாரம் நம்ம வாங்குன மூணு கோலும் எந்தப் பக்கமா வந்துச்சுண்ணே?"

வைகுண்டராஜ் யோசித்தான். "வலது பக்கமா."

"அங்க காவல் நின்னது யாரு?"

அவன் காது சிவந்துவிட்டது. நின்றது அவனேதான். கோல் போடும் ஆசையில் மேலே ஓடிக்கொண்டிருந்ததும் அவனேதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேப்டனிடம் வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று ஆரிபாவுக்குப் பயமாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் வைகுண்டராஜ் எல்லாரையும் கூப்பிட்டான். தன்னுடைய தப்பைத் தானே சொன்னான். அதற்கும் ஒரு தைரியம் வேண்டும். பிறகு நடு ஆட்டக்காரனிடம், "ஏலே பால்ச்சாமி, நான் மேல போனா நீ என் இடத்துக்கு வந்துரு" என்றான். "சோலை, கோலுக்கு நீதாம்லே நிக்க."

சோலைராஜ் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஆரிபா தனக்கே கிரீடம் வைத்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்து பஸ்ஸில் போனாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பழைய வழியில் ஒன்பது தடவை வந்து பார்த்தார்கள். ஒன்பது தடவையும் அங்கே ஆள் நின்றது. நம் பையன்கள் ஒரு கோலில் ஜெயித்தார்கள். ஒரே வாரத்தில் எப்படி இப்படி மாறினீர்கள் என்று அந்த அணியின் கேப்டன் கேட்டான். வைகுண்டராஜ் ஆரிபாவை முன்னால் இழுத்து நிறுத்தி, "எங்க ஊர்ப் பிள்ளை எண்ணிச் சொன்னா" என்றான். அவன் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு ஆரிபாவுக்கு முதல்முறையாக வெட்கம் வந்தது.

திரும்பும்போது சோலைராஜ் மட்டும் பஸ்ஸில் அலுத்துக்கொண்டான். "கீப்பர்னு பேருதான். ரெண்டே தடவைதான் பந்தைத் தொட்டேன்."

ஆரிபா நோட்டைப் பிரித்தாள். "மூணு தடவை. கடைசி நிமிஷத்துல பாஞ்சு பிடிச்சதைக் கணக்குல விட்டுட்டியே. அது உள்ள போயிருந்தா நாம ஜெயிச்சிருக்க மாட்டோம்."

அவ்வளவுதான். ராஜபாளையம் வந்து சேரும்வரை பஸ்ஸில் அந்த மூன்றாவது தடவையைப் பற்றித்தான் பேச்சு. பேசியது முழுக்க சோலைராஜ்.