விரல் பதிந்த கால்கள்

ஷ்ரவ்யா கட்டைவிரலை வைப்பதற்கு முன்பே அந்தக் காலில் குழி இருந்தது.

மழை மூட்டம் கட்டிய பிற்பகல். துடியலூரில் அந்த முதியோர் இல்லத்தின் நீண்ட கூடத்தில் பினாயில் நெடியும் பழைய போர்வைகளின் வாடையும் கலந்து நிற்க, யாரோ இருமி இருமி ஓய, சன்னல் கம்பிகளின் நிழல் கட்டில்களின் மேல் கரைந்துகொண்டிருந்தது. பயிற்சி மருத்துவராக அவளுக்கு இது மூன்றாம் நாள். நீர் கோத்த காலைக் கணுக்காலுக்கு மேல் அமுக்கினால் குழி விழும். அரை நிமிடத்தில் மேலெழும். முந்தாநாள் செங்கோடன் காலிலும் நேற்று பொங்கியண்ணன் காலிலும் குழி மேலெழவே இல்லை. இருவருமே அன்றன்று இரவைத் தாண்டவில்லை. அந்தக் கால்களை அமுக்கியது தான்தான் என்று இதுவரை நினைத்திருந்தாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, இப்பத்தானே அமுக்கிப் பாத்துட்டுப் போனீங்க," என்றார் கட்டிலில் கிடந்த குமாரசாமி. "காலென்ன மாம்பழமுங்களா?"

அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அவர் காலின் குழி மெல்ல நிரம்பியது. அப்படியானால் அமுக்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. நர்ஸ் மெர்சியிடம் கேட்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாருமே உள்ளே வரவில்லை என்று சொல்லிவிட்டு மெர்சி மருந்துத் தட்டோடு வெளியே போனாள்.

அடுத்த கட்டில். குழி. நிரம்பியது. அதற்கடுத்ததிலும் குழி. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் புதிதாக, ஆழமாக. அவள் தொடுவதற்கு முன்பே, டாக்டரம்மா கை ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள்.

கடைசிக் கட்டில் வள்ளியாத்தாளுடையது. நாளை போத்தனூருக்கு, மகள் வீட்டுக்குப் போகப்போகிறவர். அனுப்பலாம் என்று காலையில் எழுதிக் கொடுத்ததே ஷ்ரவ்யாதான்.

ஓடினாள். போர்வையை விலக்கினாள். இரண்டு கால்களிலும் குழி இல்லை.

அந்த விரலை முந்திவிட்டாள்.

"ஏங்கண்ணு இப்புடி மூச்சு வாங்குது?" என்ற வள்ளியாத்தாள், அவள் தோளுக்கு மேலே பார்த்தார். "பொறத்தால நிக்கறது யாருங்க, உங்களாட்டவே?"

ஷ்ரவ்யா திரும்பவில்லை. இரு கைகளையும் விரித்து அந்தக் கால்களை மூடிக்கொண்டாள்.

குளிர்.

அவளுடைய வலது புறங்கையில் தோல் உள்ளே இறங்கியது. ஒரு கட்டைவிரல் அகலம். எலும்பு இருக்க வேண்டிய இடத்தையும் தாண்டி இறங்கியது. வலி இல்லை. பிறகு அழுத்தம் விலகியது.

எண்ணத் தொடங்கினாள்.

முப்பது. அறுபது. நூறு.

குழி அப்படியே இருந்தது.