இது எத்தனை வாட்?

“இது எத்தனை வாட்?” என்று வுரா கேட்டாள்.

கம்ப்யூட்டர் கடையில் எல்லார் கண்ணும் ஒரே பெட்டியின் மேல் இருந்தது. கடைக்காரர் லுக்மன் அப்போதுதான் அதன் சுவிட்சைத் தட்டியிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு நிறங்கள் சுழன்றன. சிவப்பு நீலமானது, நீலம் பச்சையானது. வாசலில் வேர்க்கடலை விற்கும் பெண்கூடக் கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“பாப்பா, கலரைப் பாரு!” என்றார் லுக்மன். “எல்லாம் உள்ளே மாட்டியாச்சு. வீட்டுக்குப் போய் வயரைச் சொருகு, விளையாடு. லாகோஸ்ல இதுக்கு மேல கேம் கம்ப்யூட்டர் கிடையாது.”

“கலர் நல்லாத்தான் இருக்கு. எத்தனை வாட்?”

லுக்மன் வுராவின் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். லாகோஸில் ‘ஓகா’ என்றால் ஐயா. “ஓகா, உங்க பொண்ணு கம்ப்யூட்டர் வாங்க வந்தாளா, இஸ்திரிப் பெட்டி வாங்க வந்தாளா?”

அப்பா சிரிக்கவில்லை. அவர் தண்ணீர்ப் பாக்கெட் லாரி ஓட்டுகிறவர். போன மழைக்காலத்தில் அம்மா இறந்தாள். அதற்குப் பிறகு அவர் தேவைக்கு மட்டும்தான் பேசினார். இப்போதும் பணம் இருந்த உறையை எடுத்தபடி, “வாங்கிடலாம், வுரா. இதுல கேரண்டி இருக்கு” என்றார்.

“டாடி, விளையாடும்போது இது எவ்வளவு இழுக்கும்னு முதல்ல சொல்லச் சொல்லுங்க.”

லுக்மன் பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். “ஸ்க்ரீனும் சேர்த்து அறுநூறுக்குள்ள இருக்கும். அதனால என்ன?”

“எங்க ஜெனரேட்டரே மொத்தம் அறுநூற்று ஐம்பதுதான்.”

லுக்மனின் சிரிப்பு நின்றது. ஏழு நிறங்கள் மட்டும் சுழன்றன.

வுரா வீட்டு ஜெனரேட்டர் ஒரு சூட்கேஸ் அளவுதான் இருக்கும். அந்தச் சின்ன ஜெனரேட்டருக்கு ஊரே வைத்த பெயர், ‘பக்கத்து வீட்டை முந்திட்டேன்’. தெரு இருட்டாக இருக்கும்போது அதை ஓடவிடுகிறவர் அன்று பக்கத்து வீட்டை முந்திவிட்டார் என்று அர்த்தம். இப்போது பக்கத்து வீட்டிலும் அதே ஜெனரேட்டர் வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

“மீதி ஐம்பது வாட்ல ஃபேன் கூட ஓடாது. ஃப்ரிட்ஜ் எப்படி ஓடும்?” என்றாள் வுரா.

“கேரண்டி இருக்கே,” என்றார் லுக்மன்.

“கரண்டை எடுத்துட்டுப் போனதும் கேரண்டியை வச்சு ஃபுட்பால் ஆட முடியுமா?”

வேர்க்கடலைக்காரி வாய்விட்டுச் சிரித்தாள்.

வுரா பையிலிருந்து ஒரு பள்ளி நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல். ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே அதன் வாட். தனியாக வயர் கேட்காத சின்ன கிராஃபிக்ஸ் கார்டு. கொஞ்சமாகக் கரண்ட் குடிக்கும் ப்ராசஸர். ஸ்க்ரீனையும் சேர்த்து நூற்று எண்பது. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

“இதையெல்லாம் தனித்தனியா குடுங்க. நானே மாட்டிக்கறேன்.”

“ஆ ஆ! இதுக்கு முன்னாடி மாட்டியிருக்கியா?”

“இல்லை.”

“யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?”

“இல்லை. படிச்சிருக்கேன்.”

“ஓகா, கேட்டுக்கோங்க. இவ மாட்டி எரிஞ்சுதுன்னா நான் திரும்ப எடுக்க மாட்டேன்.”

அப்பா வுராவைப் பார்த்தார். அந்தப் பணம் அபேகுட்டாவில் துணிக்கடை வைத்திருக்கும் அத்தை அனுப்பியது. உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வில் வுரா முதலாவதாக வந்ததற்கு. ‘ஒரு கம்ப்யூட்டர். ஒரே தடவை. கெட்டுப்போனா என்கிட்ட அழக்கூடாது’ என்று அத்தை போனில் சொல்லியிருந்தாள்.

“ஒரே தடவைதான். ஞாபகம் இருக்குல்ல?” என்றார் அப்பா.

“இருக்கு, டாடி.”

அப்பா உறையை லுக்மனிடம் கொடுக்கவில்லை. வுராவின் கையில் வைத்தார்.

*

வுரா குடியிருந்த வளாகத்தில் அவளையும் சேர்த்துக் குழந்தைகள் மொத்தம் எட்டுப் பேர். எல்லாரும் விளையாடுவது சோம்டோ வீட்டில். அவனிடம்தான் கம்ப்யூட்டர் இருந்தது. போன மாதம் வாங்கியது, அதே கண்ணாடிப் பெட்டி, அதே ஏழு நிறங்கள். அவனுக்குப் பதிமூன்று வயது.

“என் கம்ப்யூட்டர், என் சட்டம்” என்பான். அவன் சட்டப்படி அவனும் அவனுடைய இரண்டு நண்பர்களும் ஆடுவார்கள். மற்ற ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து கோல் எண்ண வேண்டும். ஏழு வயது ஹலிமா ஒரு மாதமாகக் கோல் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூட அவள் கையில் கன்ட்ரோலர் வரவில்லை. வுரா இரண்டு முறை தனக்கு ஓர் ஆட்டம் கேட்டாள். “நீ நல்லா எண்ணறே, எண்ணு” என்று பதில் வந்தது.

மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை, படுக்கைமேல் துணியை விரித்து வுரா சாமான்களைப் பரப்பினாள். சோம்டோ வாசலில் வந்து நின்றான்.

“இதையா நீ மாட்டப்போறே? புகைதான் வரும். அந்தப் புகையிலயே ஜொலாஃப் சோறு செஞ்சுடலாம்.”

“வந்தா உனக்கும் ஒரு தட்டு தரேன். இப்போ வெளிச்சத்தை மறைக்காதே.”

அவன் நகரவில்லை. அவன் பின்னால் மற்றவர்களும் சேர்ந்துவிட்டார்கள். வுரா திருகாணிகளை ஒரு சோடா மூடியில் போட்டுவைத்தாள். ஒவ்வொன்றாக மாட்டினாள். பெட்டி பழையது, சாம்பல் நிறம். மூலையில் ஒரு நசுங்கல். பதினொரு மணிக்குக் கடைசி வயரைச் சொருகினாள். பொத்தானை அமுக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடியும் அமுக்கினாள். ஒன்றும் இல்லை.

“புகைகூட வரலையே!” என்றான் சோம்டோ. “ஜொலாஃப் கேன்சல்!”

எல்லாரும் சிரித்தார்கள். ஹலிமா மட்டும் சிரிக்கவில்லை.

வுராவின் காது சூடானது. அத்தையின் பணம் முழுவதும் இந்தச் சாம்பல் பெட்டிக்குள் இருந்தது.

அப்பா குனிந்து மெதுவாகக் கேட்டார். “லுக்மன்கிட்ட எடுத்துட்டுப் போகலாமா?”

“வேண்டாம், டாடி.”

“அவர் ஒரு நிமிஷத்துல...”

“நான்தான் தப்பா மாட்டினேன். நானே கண்டுபிடிப்பேன்.”

வயரைப் பிடுங்கினாள். மாட்டியதை எல்லாம் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். வேடிக்கை பார்த்தவர்களுக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொருவராகப் போனார்கள். சோம்டோவும் போனான்.

பன்னிரண்டரைக்கு அவள் கண்ணில் பட்டது. மெமரி அட்டையின் ஒரு முனை பிடிப்புக்குள் உட்கார்ந்திருந்தது. இன்னொரு முனை ஒரு மயிரிழை மேலே நின்றது. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் காலையில் அழுத்தியது போதவில்லை.

இப்போதும் பயமாகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

டக்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பொத்தானை அமுக்கினாள். உள்ளே விசிறி சுற்றியது. திரை வெளுத்தது.

அப்பா சோடா மூடியைக் கையில் எடுத்து, மிச்சம் ஒரு திருகாணியும் இல்லை என்று பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

செய்தி பரவி, சோம்டோ திரும்பி வந்தான். சாம்பல் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தான். “ஏதோ ஆபீஸ்ல இருந்து தூக்கிப் போட்டது மாதிரி இருக்கு. கலர் எங்கே?”

“கலர் வேணும்னா ஜன்னலைத் திற.”

“அஞ்சு மணிக்கு என் வீட்ல போட்டி. எல்லாரும் அங்கதான் வருவாங்க, பாரு.”

*

ஐந்து மணிக்கு எல்லாரும் அங்கேதான் போனார்கள். ஏழு நிறங்கள் சும்மாவா? வுரா தன் அறையில் விளையாட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ஐந்தேகாலுக்குத் திரை அணைந்தது. தெருவில் யாரோ கத்தினார்கள்.

“எடுத்துட்டாங்க!”

அந்த ஊரில் கரண்ட் போகாது. யாரோ அதை எடுத்துக்கொண்டு போவார்கள். யார் என்று யாரும் கேட்பதில்லை. எல்லாரும் ஜெனரேட்டரை இழுத்துக் கிளப்பும் கயிற்றைத் தேடி ஓடுவார்கள்.

சோம்டோ ஓடினான். முற்றத்தில் அவன் வீட்டு ‘பக்கத்து வீட்டை முந்திட்டேன்’ உறுமியது. கண்ணாடிப் பெட்டி ஒளிர்ந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள். விசில் ஊதி ஆட்டம் தொடங்கியது. ஜெனரேட்டர் முனகியது, இருமியது. டப்!

திரை கறுத்தது.

“ஃபேனை அணை!” என்றான் சோம்டோ. அணைத்தார்கள். மறுபடி உறுமல், மறுபடி விசில். டப்!

“ஃப்ரிட்ஜைப் பிடுங்கு!”

“சோம்டோ!” என்று அவன் அம்மாவின் குரல் வளாகம் முழுவதும் கேட்டது. “என் மீன் உருகிப்போச்சுன்னா உன்னைத்தான் பொரிப்பேன்!”

வெயில் சுட்ட தகரக் கூரை. ஃபேன் இல்லை. ஏழு பேர் வேர்வையில் நனைந்து, அடுத்த டப்புக்காகக் காத்திருந்தார்கள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். இருமல் இல்லாத, சீரான டுர்ர்ர். அதோடு ஒரு விசில். பிறகு, “கோல்!”

முதலில் எழுந்து ஓடியது ஹலிமா.

வுராவின் அறையில் ஃபேன் சுற்றியது. பல்பு எரிந்தது. மூலையில் ஃப்ரிட்ஜ் ஓடியது. சாம்பல் பெட்டி சத்தமில்லாமல் வேலை செய்தது. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வயதில் சின்னவர் முதலில். ஆளுக்கு ஓர் ஆட்டம். எட்டுப் பெயர்களும் அதில் இருந்தன.

ஹலிமா தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். “நான் ஒண்ணாவதா?”

“ஆமா. உட்காரு.”

“எண்ண வேண்டாமா?”

“கம்ப்யூட்டரே எண்ணிக்கும்.”

கன்ட்ரோலர் இல்லை. ஒரே கீபோர்டில் இரண்டு பேர் முழங்கையால் இடித்துக்கொண்டு ஆடினார்கள். இரண்டாவது ஆட்டத்தின்போது வாசலில் சோம்டோ நின்றான். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. எல்லாருக்கும் திரையில் வேலை இருந்தது.

“என்னுது கெட்டுப்போச்சு,” என்றான்.

“கெட்டுப்போகலை. அதுக்குப் பசி அதிகம். அவ்வளவுதான்,” என்றாள் வுரா. “வேகத்தைக் கொஞ்சம் குறைச்சு வைக்கலாம். கம்மியா இழுக்கும். நாளைக்கு வந்து பார்க்கறேன்.”

“கலரு?”

“கலரையும் அணைப்பேன்.”

அவன் யோசித்தான். “சரி. என் பேரு எங்கே?”

“கடைசியில.”

“எட்டாவதா? நானா?”

“என் கம்ப்யூட்டர்,” என்றாள் வுரா. “ஆனா சட்டம் எல்லாருக்கும்தான். நான் ஏழாவது. உன்கிட்ட ரெண்டு கன்ட்ரோலர் இருக்கே, எடுத்துட்டு வாயேன். ஹலிமா இடிச்சு, அவகூட ஆடினவனுக்கு இன்னும் விலா வலிக்குதாம்.”

சோம்டோ போனான். இரண்டையும் கொண்டுவந்தான்.

ஏழாவது ஆளும் எட்டாவது ஆளும் மோதும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. இரண்டுக்கு இரண்டு. ஒரு நிமிடம் பாக்கி. அப்போது தெருவே கத்தியது.

“கொண்டுவந்துட்டாங்க!”

எல்லா ஜன்னல்களிலும் வெளிச்சம். மற்ற வீட்டு ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அப்பா வழக்கம்போல ஜெனரேட்டரை அணைக்க எழுந்து போனார்.

“வேண்டாம், வேண்டாம்!” எட்டுக் குரல்கள் ஒன்றாகக் கத்தின. “அணைச்சா ஆட்டம் போயிடும்!”

“லைட் வந்த பிறகும் பெட்ரோலை எரிக்கறதா? ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்!” என்றாள் வுரா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முற்றத்தில் ‘பக்கத்து வீட்டை முந்திட்டேன்’ தனியாக டுர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சுவிட்சை நோக்கி நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே வந்தார். சுவரில் இருந்த தாளை ஒருமுறை படித்தார். சோம்டோவின் நாற்காலிக்குப் பின்னால், வரிசையில் நின்றார்.

வுரா திரும்பிப் பார்த்தாள்.

“டாடி, நீங்க ஒன்பதாவது.”

“தெரியும்,” என்றார் அப்பா. “சீக்கிரம் முடி.”