ஒரே கும்பாக் கஞ்சி

ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டுத் தப்பு ஓய்ந்து, ஆட்களெல்லாம் மலைக்கு ஏறிவிட்டார்கள். கபிரியேல் கங்காணியின் வீட்டில் மட்டும் விடிந்ததும் விடியாததுமாகச் சண்டை தொடங்கிவிட்டது.

"ஏண்டி கத்தரீனா! கஞ்சி ஆறிக்கிட்டு இருக்கு. முழங்கால் போட உன்னைய வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா?"

மாமியார் பாப்பம்மாவின் குரல் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி அறையான காம்பரா வரைக்கும் கேட்டிருக்கும். கத்தரீனா பேசாமலிருந்து பழகி ஒரு வருசமாகிவிட்டது.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி, கண்டிக்கு அப்பாலுள்ள ஹுன்னஸ்கிரிய மலைக் கோப்பித் தோட்டத்துக்கு வந்த அந்த வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்கள், கம்பளியோடும் சட்டியோடும் கூடவே ஒரு வழக்கத்தையும் கொண்டு வந்திருந்தன. கண்டியிலிருந்து சாமியார் வருவது வருசத்துக்கு ஒரு தடவை, பாஸ்காத் திருநாளுக்கு மட்டும்தான். பகை வைத்திருப்பவர்கள் அவரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் ஒரே கும்பாவில் கஞ்சி குடித்துவிட வேண்டும். தப்புச் செய்தவர் முழங்காலில் நின்று கும்பாவை நீட்டுவார். நோகடிக்கப்பட்டவர் முதல் வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். அவ்வளவுதான், சமாதானம்! அதன் பிறகு அந்தக் காரியத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது.

சாமியார் வரும் நாளான இன்று, முழங்காலில் நிற்க வேண்டியவள் கத்தரீனா. கும்பாவை வாங்க வேண்டியவள் அவளுடைய ஓரகத்தி சவரியம்மா, கபிரியேலின் தம்பி பஸ்தியானின் விதவை.

போன வருசம் கோப்பிப் பழம் பறித்து முடிந்த கையோடு பஸ்தியானுக்குக் காய்ச்சல் கண்டது. சவரியம்மா மலையிலும் மாமியார் ஆற்றங்கரையிலும் இருந்த நேரத்தில், அவனை லயத்தை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். கண்டி ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன் ஓடைத் திருப்பத்திலேயே விழுந்து செத்துப்போனான். அனுப்பியது கத்தரீனாதான் என்பது ஊரறிந்த சேதி. வயிற்றில் இருந்த பிள்ளைக்குக் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து புருசனை நச்சரித்து விரட்டினாளாம். அந்தப் பிள்ளையும் செத்தே பிறந்தது. "செஞ்சதுக்கு ஆண்டவர் வயித்துலயே அடிச்சாரு பாத்தியா!" என்று பாப்பம்மா சொன்னதை லயமே திருப்பிச் சொன்னது. பால் கட்டிய மாரோடு, கத்தரீனா அதையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

உண்மை வேறு. அது இரண்டே பேருக்குத் தெரியும். இலைக்கு அடியில் மஞ்சள் தூள் படிந்து கோப்பிச் செடிகள் பட்டுப்போக ஆரம்பித்ததும், வேலைக்கு ஆகாதவனுக்கு இனி அரிசி கிடையாது, வெளியே போடு என்று தோட்டத்துத் துரை உத்தரவு போட்டுவிட்டார். தம்பி என்றும் பார்க்காமல் கங்காணி அந்த உத்தரவை நிறைவேற்றினான். பிணம் வந்த அன்று கத்தரீனாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அம்மாவுக்குத் தெரிஞ்சா உசிர விட்டுரும் புள்ள... நீதான் அனுப்பச் சொன்னேன்னு சொல்லிரு. புள்ளத்தாச்சி பயந்துட்டான்னு மன்னிச்சிருவாங்க!"

மன்னித்தார்களா என்ன! ஆனாலும் வீடு உடையவில்லை. தாய் மகனோடு பேசினாள், உலை கொதித்தது. இந்த அமைதிக்குத் தன்னைக் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டாள் கத்தரீனா, பைத்தியக்காரி.

கத்தரீனா முழங்கால் போட்டாள். வெண்கலக் கும்பாவை இரண்டு கையாலும் ஏந்தினாள். சவரியம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கும்மா சவரி. சமாதானம் இல்லாத வீட்டுல சாமியாரு எப்படிக் காலடி வைப்பாரு?" என்றாள் பாப்பம்மா, அழுதுகொண்டே.

சவரியம்மாவின் கை நீண்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் இருமல் சத்தம் கேட்டது.

கடைசிக் காம்பரா அங்கம்மா. யாருமில்லாதவள். கொஞ்ச நாளாகக் காய்ச்சலில் கிடந்தவள், இப்போது வாசல் கல்லைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள். அவளைக் கூட்டி வந்த கங்காணி, அவள் தோளில் ஒரு கம்பளியைப் போட்டு, கையில் ஒரு கம்பைத் திணித்தான்.

"சாமி... கங்காணி ஐயா... நாளைக்கு மலைக்கு ஏறிருவேன் சாமி... சத்தியமா ஏறிருவேன்..."

"மெதுவா நடந்து போ. கண்டியில நல்லாப் பாத்துக்குவாங்க."

அதே கம்பு. அதே கம்பளி. ஒரு சொல்கூட மாறாத அதே பேச்சு! போன வருசம் பஸ்தியானுக்கும் இதைத்தானே சொன்னான்... கத்தரீனா கும்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்னடி எந்திரிக்கிற?"

"முழங்கால் போட வேண்டியது நான் இல்ல அத்தை."

கபிரியேல் திரும்பினான். "கத்தரீனா! வாய மூடு!"

"ஒரு வருசமா மூடித்தானங்க இருந்தேன்! நான் மூடுனதாலதான இன்னைக்கி இவ போறா? தம்பிய அனுப்பச் சொன்னது துரை. அனுப்புனது நீங்க. நான் ஒரு வார்த்த சொல்லல. மாதா சத்தியமாச் சொல்லல! பழிய என் தலையில போட்டுக்கிட்டா வீட்டுல சமாதானமா இருக்கும்னு நெனச்சேன். நாயம் செத்த வீட்டுல என்னங்க சமாதானம்? அது பொணத்துக்கு மேல பாய விரிச்சுப் படுக்குற மாதிரி இல்ல?"

"நான் என்ன செய்ய?" கங்காணி கத்தினான். அவன் கண்ணிலும் நீர்தான். "மாட்டேன்னு சொன்னா என்னையும் எங்கூட வந்த அத்தனை சனத்தையும் வெளிய போடுவான்! எல்லாருக்கும் நீ கஞ்சி ஊத்துவியா?"



கத்தரீனா மாமியாரைப் பார்த்தாள். இந்தக் கிழவி இனியாவது ஒரு வார்த்தை கேட்பாள், மகனை ஓர் அறையாவது அறைவாள் என்று ஒரு நப்பாசை. பாப்பம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு மருமகளின் முன்னால் வந்து நின்றாள்.

"பொய்யின்னு சொல்லிருடி, தாயே... ஒருத்தன மண்ணுல வெச்சுட்டேன். இருக்கிற ஒருத்தனையும் எங்கிட்ட இருந்து பறிச்சுறாதடி... நீதான் அனுப்புனேன்னு இன்னொரு தடவ சொல்லிரு..."

கத்தரீனாவின் நெஞ்சு அப்போதுதான் உடைந்தது. சவரியம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அங்கம்மா, என் தோளப் பிடிச்சுக்க. நான் கூட வாறேன்," என்றாள் கத்தரீனா.

"போனா இந்தப் படி ஏறாத!" என்றான் கங்காணி.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கால் நின்றிருக்கும்.

மலைச்சரிவெல்லாம் கோப்பி பூத்திருந்தது. நோய் பிடித்த செடிகள்கூட அங்கங்கே வெள்ளையாகப் பூத்து மணத்தன. அங்கம்மா கொஞ்ச தூரம் நடந்தாள், அப்புறம் இழுபட்டாள், அப்புறம் கத்தரீனாவின் முதுகில் கிடந்தாள். "கங்காணியம்மா, உங்களுக்கு ஏன் இந்தப் பாடு..." என்று முனகிக்கொண்டே வந்தவள், ஓடைத் திருப்பம் வந்தபோது முனகுவதையும் விட்டுவிட்டாள்.

அங்கே, இரண்டு குச்சியைக் குறுக்கே கட்டி நட்ட சிலுவை ஒன்று சாய்ந்து கிடந்தது. பஸ்தியான் விழுந்த இடம். கத்தரீனா அங்கம்மாவை மெல்ல இறக்கி, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்டி வெகுதூரம். தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மேலே கல் உருளும் சத்தம். சவரியம்மா மூச்சிரைக்க இறங்கி வந்தாள். கையில் அந்த வெண்கலக் கும்பா, சிந்தாமலிருக்க முந்தானையால் மூடியிருந்தது.

"அக்கா..." என்றவள் கும்பாவைக் கீழே வைத்தாள். பிறகு வெடித்தது. "உன்னைய எத்தன ஏசியிருப்பேன்! உன் புள்ள செத்தப்போ நான் சிரிச்சேன்க்கா... சிரிச்சேன்! ஏன் எங்கிட்ட மறைச்ச? ஒத்த வார்த்த சொல்லியிருந்தா நான் இந்த ரோட்டுலயே கெடந்து மறிச்சிருப்பேனே! இவளாவது பொழைச்சிருப்பாளே!"

"தப்புத்தான் சவரி. பெரிய தப்பு." கத்தரீனா தலையைக் குனிந்துகொண்டாள். "இப்ப முழங்கால் போடுறேன். இதுக்குப் போடுறேன்."

சவரியம்மா அவளை எழவே விடவில்லை. கும்பாவைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள். பிறகு அதை அக்காவின் உதட்டில் வைத்தாள். கண்ணீரும் கஞ்சியும் கலந்து தொண்டையில் இறங்கியது. இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, ஒரு வருசத்து அழுகையை அழுது தீர்த்தார்கள்.

மிச்சக் கஞ்சியை அங்கம்மாவின் வாயில் ஊற்றினார்கள். அது கடைவாயில் வழிந்து கம்பளியில் இறங்கியது. இன்னொரு தடவை ஊற்றினார்கள். அதுவும் வழிந்தது.

அங்கம்மாவின் கண்களை மூடிவிட்டுச் சவரியம்மா கேட்டாள். "அடக்கம் பண்ண ஆளக் கூப்பிடவா?"

"வேணாம். கண்டியில இருந்து சாமியாரு இந்த வழியாத்தான வரணும்? வரட்டும்."

"வந்து பாத்து என்னக்கா செய்வாரு? துரை பங்களாவுலதான அவருக்குச் சாப்பாடு?"

"ஒண்ணும் செய்ய முடியாமக்கூடப் போகலாம். ஆனா சமாதானம் சொல்ல வாறவரு, இவளத் தாண்டித்தான் வரணும்."

மேலே தோட்டத்தில், சாமியாரை வரவேற்க ஆட்கள் மேளம் கொட்டிப் பழகும் சத்தம் கேட்டது. இருவருமாக அங்கம்மாவைத் தூக்கிப் பாதையின் நடுவில் கிடத்தினார்கள். கத்தரீனா அவள் முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள். சவரியம்மா சாய்ந்து கிடந்த சிலுவையை நிமிர்த்தி நட்டுவிட்டு, வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.